மலைநாட்டு விறகு அடுப்பும் அதைக் காத்த தமிழரும்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சில செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். கங்காணிமார் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு மலையேறியது, 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுபோனது, தோட்டக் கூலிப் போராட்டங்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவை எல்லாம் சொல்லப்பட வேண்டியவையே. நானும் இத்தகைய மலர்களில் இவற்றைப் பற்றி எழுதியதுண்டு. ஆனால் ஒரு சங்கதி மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. கொழுந்து தேயிலைத் தூளாவதும், பச்சை ஏலக்காய் சந்தைச் சரக்காவதும் நெருப்பினால்தான். கொழுந்து பறித்தவர்களின் படம் நாட்காட்டி முழுக்க இருக்கிறது. ராத்திரி முழுக்க முழித்திருந்து அந்த நெருப்பைக் காத்தவனின் படம் எங்கேயும் இல்லை. அவனும் நம்மாள்தான். என் தாயாரைப் பெற்ற தாத்தா அப்படிப்பட்ட ஒருவர் என்பதால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்திருக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பெரிய அடுப்புக்குப் போவதற்கு முன்னால் வீட்டுச் சின்ன அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பாலக்காட்டு பாய்லர்

1974-ல் நான் பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது கல்பாத்திப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். அங்கே கிணற்றடியில், கூரைச் சார்ப்புக்குக் கீழே, செம்பு பாய்லர் ஒன்று இருந்தது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். வெளியே பெரிய செம்பு உருளை. அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். குழாய்க்குள் நெருப்பு, குழாயைச் சுற்றித் தண்ணீர். அடியில் சல்லடைத் தட்டு, அதன் வழியே காற்று ஏறும், சாம்பல் இறங்கும். மேலே புகைபோக்கி. பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு குழாய். சிரட்டை, காய்ந்த மட்டை, பாளை, தச்சன் பட்டறைச் சிராய் என்று எது கிடைத்தாலும் அது தின்னும். டீக்கடையில் பார்க்கிற பாய்லரும் இதே ஜாதி. ருஷியாவில் தூலா நகரம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பேர்பெற்று விற்ற சமோவாருக்கும் இதே வயிறுதான். நெருப்பைப் பாத்திரத்துக்கு அடியில் வைக்காமல் பாத்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடுவதால் சூடு வெளியே சிந்துவதில்லை. கைப்பிடி சிராயில் ஒரு குடம் வெந்நீர்.

வீட்டுக்கார மாமிக்கு அந்த பாய்லர் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. புதிதாகக் குடிவந்த எனக்கு முதல் நாள் சொன்ன பாடம் இது: "ஜலம் இல்லாம பத்த வெக்கப்படாது, கேட்டேளா? ஜலம் ரொப்பிட்டு, குழாயத் திறந்து ஒரு சொட்டு வரதான்னு பாத்துட்டு, அப்பறம்தான் தீக்குச்சியே கையில எடுக்கணும்." ஏதோ மடி ஆசாரம் என்று நினைத்தேன். காரணம் பின்னால்தான் புரிந்தது. செம்புக்கு உள்பக்கம் ஈயம் பூசியிருப்பார்கள். அந்த ஈயம் 232 டிகிரியில் உருகும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை செம்புத் தகடு ஏறத்தாழ 100 டிகிரியிலேயே நிற்கும், உள்ளே எவ்வளவு தீ எரிந்தாலும் அதற்குக் கேடில்லை. தண்ணீர் வற்றிவிட்டால் சில நிமிஷத்தில் பூச்சு உருகி, பற்றாசு வைத்த மூட்டு விட்டுப்போகும். அதற்கப்புறம் கன்னானைத் தேடி ஓட வேண்டியதுதான்.

பாய்லரின் இன்னொரு எதிரி உப்புப் படிவு. கிழக்குப் பாலக்காட்டுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். ஒரு காசு கனம் படிந்தாலே சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கியில் போய்விடும். "முன்னெல்லாம் ரெண்டு மட்டைல கொதிச்சுடும், இப்போ அஞ்சு மட்டை போட்டாலும் ஆகமாட்டேங்கறது" என்று மாமி சொன்னால் அது படிவின் அறிகுறி. பழைய புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டுக் குலுக்கிக் கொட்டுவார்கள். புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். வெளிச் செம்புக்கும் புளிதான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் காற்று புகைபோக்கியின் வாயில் மோதிப் புகையைத் திருப்பிவிடும், கிணற்றடி முழுக்கக் கண் எரியும். அதற்கு மாமியின் வைத்தியம் புகைபோக்கி மேல் ஒரு தகரத் தொப்பி. வாயை மூடாமல், நாலு விரல் தூக்கி நிறுத்த வேண்டும். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பௌதிகம் படித்தவர் அல்ல.

மூணாறு பங்களாவின் பின்சுவர்

பாலக்காட்டில் வெந்நீர் ஒரு சுகம். மூணாற்றில் அது தேவை. ஜனவரி மாதம் குண்டளை, செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். சில வருஷம் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும்.

இந்த மலையின் தோட்ட வரலாறு 1877 ஜூலை 11 அன்று தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். அன்றுதான் பூஞ்ஞாறு ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாக எழுதிக் கொடுத்தார். மன்றோ திருவிதாங்கூர் அரசின் கீழ் ஏலமலைகளின் சூப்பிரண்டெண்டாக இருந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேயிலையும் ஏலமும் ஒரே ஆளின் கையில் சந்தித்தன. 1880-ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி பதிவானது.

துரைமார் பங்களா ஒவ்வொன்றிலும் அறைக்கு அறை கணப்பு உண்டு. அது வரவேற்பறையின் அழகு, விருந்தாளி வந்தால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது. குளியலறைக்கு வெந்நீர் தந்த சாதனமோ பின்சுவருக்கு வெளியே இருந்தது. செங்கல் அடுப்பு, அதன்மேல் இரும்புத் தொட்டி அல்லது பழைய டிரம். மலை ஓடையிலிருந்து வரும் குளிர்நீர்க் குழாய் அதன் அடிப்பக்கம் சேரும். சுடுநீர்க் குழாய் மேல்பக்கத்திலிருந்து புறப்பட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே போகும். பம்பு கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து இதைப் பற்றவைப்பது பங்களா வேலைக்காரரின் வேலை. உள்ளே இருப்பவருக்குக் குழாயைத் திருகினால் வெந்நீர், வெளியே இருப்பவருக்குப் பனியும் புகையும்.

இதன் கோளாறுகளும் வேறு. மலை ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, அதனால் படிவு அவ்வளவாக இல்லை, துரு அதிகம். தொட்டியில் தண்ணீர் இருந்தும் குளியலறைக் குழாயில் வராது. "காத்து அடைச்சிருச்சு" என்பார்கள். சுடுநீர்க் குழாய் வழிநெடுக மேல்நோக்கியே ஏற வேண்டும். ஓரிடத்தில் வளைந்து தாழ்ந்து மறுபடி ஏறினால் அந்த மேட்டில் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மறிக்கும். தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு சின்னக் குழாயை வானம் பார்க்கத் திறந்தே விட்டிருப்பார்கள். அதை அடைத்தால் ஆபத்து. மூடிய பாத்திரத்தில் நீராவி சேர்ந்தால் அது வெடிகுண்டு. ஆலை பாய்லர்களுக்கு அரசாங்கம் 1923-லேயே தனிச் சட்டம் போட்டது அதனால்தான், அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பங்களா பின்சுவர் டிரம்முக்கு அந்தத் திறந்த குழாய்தான் சட்டம், இன்ஸ்பெக்டர் எல்லாம். குளவி கூடு கட்டி அதை அடைத்துவிடும் என்று வாரம் ஒருமுறை கம்பி விட்டுப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் வீட்டுக்கு வெளியே கொட்டகை மாதிரி ஒரு விறகு பாய்லரை நிறுத்தி, பூமிக்கடியில் குழாய் பதித்து வீடு முழுவதையும் சூடாக்குகிறார்கள். புகைத் தொல்லை அதிகமாகி, புதிதாகச் செய்பவற்றுக்கு அங்குள்ள சுற்றுச்சூழல் துறை 2015-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதைப் பற்றி ஒரு முறை படித்தபோது எனக்குப் பங்களாப் பின்சுவர்தான் கண்முன் வந்தது. கோளாறுகள் கூட அவைதாம்: ஈர விறகு, கீல், துரு, அடைப்பு.

லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்த வசதி ஏது? ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. அடுப்படியிலேயே சூடு, அங்கேயே புகை. விறகு, தோட்டம் தந்த சலுகைகளில் ஒன்று. அந்த விறகு காய்ந்ததா பச்சையா என்பதில்தான் குடும்பப் பெண்களின் கண்ணும் நெஞ்சும் இருந்தன.

தேயிலை ஆலையின் பசி

ஆதியில் தேயிலையைக் கரி அடுப்பின் மேல் தட்டுகளில் பரப்பிக் கையால் புரட்டி உலர்த்தினார்கள். 1864-ல் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் இதற்கு இயந்திரம் செய்தார். 1881-ல் பெல்பாஸ்ட் நகரில் அவர் தொடங்கிய தொழிற்சாலையின் பெயர் சிராக்கோ. நெருப்பை இலைக்கு நேரே காட்டாமல், நெருப்பால் காற்றைச் சூடாக்கி அந்தச் சுத்தமான காற்றை மட்டும் இலை வழியே அனுப்புவது அவர் கண்ட வழி. அதனால் புகை வாசனை இலையில் ஏறாது. உலகம் முழுக்கத் தேயிலை ஆலைகள் இன்றும் இந்த வழியில்தான் போகின்றன.

கொழுந்தின் எடையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். முடிவில் தூளில் 3 பங்குதான் இருக்கலாம். அத்தனை தண்ணீரையும் விரட்டுவது விறகு. ஆகவே ஒவ்வொரு தேயிலைப் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு விறகுக் கட்டு உண்டு. 1908-ல் போட்ட குண்டளைச் சிற்றிரயிலில் டாப் ஸ்டேஷன் போய், கம்பி வழியில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போன பெட்டிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனதையும் எழுதியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்ததை உலர்த்திய விறகு எங்கிருந்து வந்தது?

முதலில் சோலைக்காடு. அது போதாதபோது யூகலிப்டஸ். நீலகிரிக்கு 1843-ல் காப்டன் காட்டன் கொண்டுவந்த மரம் இது, ஊட்டிக் குளிருக்கு விறகு வேண்டும் என்றே பிற்பாடு பரவலாக நட்டார்கள். மூணாற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் விறகுக் காடாகியது. இங்கே நட்ட இனத்துக்கு மலையாளியும் தமிழனும் சேர்ந்து வைத்த பெயர் 'கிராண்டிஸ்'. சீக்கிரம் வளரும், வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், விறகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மூணாற்றுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டவடை, கோவிலூர், கொட்டக்கொம்பூர் மக்களைக் கேட்டால் வேறு கதை. அங்கே தமிழர்கள் பல தலைமுறையாகக் கோதுமை, பூண்டு, கிழங்கு பயிரிடுகிறார்கள். தனியார் நிலங்களில் கிராண்டிஸ் பரவிய பிறகு ஊற்றுகள் வற்றின என்பது அவர்களுடைய குறை. 2006-ல் அந்தப் பகுதியில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் மரத்தை வெட்டுவதா, நிலம் யாருடையது என்ற வழக்குகளும் சேர்ந்துகொண்டன. ஒரு ஊரின் அடுப்புக்கு இன்னொரு ஊரின் தண்ணீர் விலையாயிற்றா என்பது விஞ்ஞானிகள் தீர்க்க வேண்டிய கணக்கு. ஊற்று வற்றியதைக் கண்ணால் பார்த்தவர்களின் பேச்சைத் தள்ளிவிட்டு அந்தக் கணக்கைப் போட முடியாது என்பது என் எண்ணம்.

ஏலக்காய் ஸ்டோர்

இனி என் தாத்தாவின் இடத்துக்கு வருகிறேன். போடிமெட்டிலிருந்தோ கம்பம்மெட்டிலிருந்தோ மேற்கே இறங்கினால் உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, புளியன்மலை. இதுதான் ஏலமலை. கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள் தோட்டக் கம்பெனிகளுக்கு முன்பே இங்கே ஏறி ஏலம் பறித்தவர்கள். அக்காலத்தில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம், பறித்த காயை அரசுக்கே ஒப்படைக்க வேண்டும். அது ஆலப்புழைக்குப் போய் ஏலத்தில் விற்கும். இன்றும் பச்சை நிற உயர்ரகக் காய்க்கு 'ஆலப்புழைப் பச்சை' என்று வியாபாரப் பெயர் இருப்பது அதனால்தான். ஆலப்புழையில் ஒரு ஏலச்செடி கூடக் கிடையாது!

அந்தப் பச்சைதான் விஷயம். ஏலக்காயின் அறுவடை ஆடி ஆவணியில் மழையோடு தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் உச்சத்துக்கு வரும். வெயிலை நம்ப முடியாது. வெயில் கிடைத்தாலும் காய் வெளுத்துப்போகும். அரபு நாட்டார் தங்கள் காப்பியில் இடுவதற்குக் கேட்பது பச்சைக் காய். வெளுத்தால் விலை போச்சு. எனவே இருட்டில், மிதமான சூட்டில், ஒரே சீராக உலர்த்த வேண்டும். அதற்காக எழுந்த கட்டடம்தான் ஸ்டோர்.

கல் அல்லது செங்கல் சுவர், உள்ளே மரத்தட்டி, மேலே ஓடு. அடுப்பு அறைக்கு வெளியே. அடுப்பிலிருந்து அகலமான தகரக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, தரையை ஒட்டி அறையைச் சுற்றி ஓடி, மறுபக்கம் புகைபோக்கியாக வெளியேறும். தீ வெளியே, புகை குழாய்க்குள்ளே, சூடு மட்டும் அறைக்குள். குழாய்களுக்கு மேலே கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக. கொரியாக்காரர்கள் தரைக்கு அடியில் அடுப்புப் புகையை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் ஒண்டோல் முறையும் இதுவும் ஒரு தாய் மக்கள். அவர்கள் மனிதருக்குச் செய்ததை நாம் காய்க்குச் செய்தோம். எங்கள் அம்மா சொல்வாள்: "லயத்துல பிள்ளைக குளுர்ல நடுங்கும், ஸ்டோருக்குள்ள காயி கதகதன்னு தூங்கும்."

5 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய் என்பது பொதுக் கணக்கு. சூடு 45-லிருந்து 50 டிகிரிக்குள், 55-ஐத் தாண்டக் கூடாது. 18-லிருந்து 24 மணி நேரம், ஈர நாளில் அதற்கு மேலும் ஆகும். தாத்தாவின் ஆரம்ப காலத்தில் தெர்மாமீட்டர் கிடையாது. தட்டுக்கு மேலே புறங்கையை வைத்து எண்ணுவார். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறது என்பதுதான் அளவு. பிற்பாடு தெர்மாமீட்டர் தொங்கவிட்டபோதும் முதலில் கையை வைத்துவிட்டு, பிறகுதான் அதைப் பார்ப்பார். காய் ஆயிற்றா என்பதற்குக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை பேச வேண்டும்.

சூடு ஏற்றுவதைவிட ஈரத்தை இறக்குவது கஷ்டம். முதல் மூன்று நாலு மணி நேரத்தில் காய் வியர்க்கும், அறை முழுக்க ஆவி கட்டும். அந்த நேரம் பார்த்து மேல் ஜன்னலைத் திறக்க வேண்டும். பிந்தினால் காய் உலராது, அவியும், பச்சை போய்ப் பழுப்பாகும். முந்தினால் சூடு ஓடிப்போய் விறகு வீண். சூடு அதிகமானால் காய் வாய் பிளக்கும், எண்ணெயும் மணமும் போகும். மலைக்காற்று நள்ளிரவில் திசை மாறும்போது அடுப்பு திடீரென்று சீறும். அப்போது கீழே காற்று வாயைத் தகரத்தால் பாதி மூட வேண்டும். முழுக்க மூடினால் தீ திணறிக் கீல் கக்கும்.

கீல் என்பது ஸ்டோர்க்காரர்களின் பெரும் பகை. ஈர விறகில்தான் அது பிறக்கிறது. வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகு போட்டால் ஐந்து கிலோ தண்ணீரை அடுப்பில் ஊற்றியதற்குச் சமம். மீதி ஐந்து கிலோ தரும் சூட்டில் ஏழில் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், அடுப்பின் வேகம் தணிந்து, விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமலே குழாய்க்குள் போவது. குளிர்ந்த தகரத்தில் பட்டு அது கறுப்புப் பிசினாகப் படியும். படியப் படியக் குழாயின் சூடு அறைக்கு வராது. ஒரு நாள் நல்ல தீ போட்டால் அந்தப் பிசினே பற்றிக்கொண்டு குழாய் பழுக்கும். தாத்தா மாசி, பங்குனியிலேயே வரும் பருவத்துக்கான விறகைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் ஓலை போட்டு, பக்கங்களைத் திறந்தே வைப்பார். "வெறகுக்குக் குடை வேணும், போர்வை வேணாம்" என்பார். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது 'ணங்' என்னும், ஈரம் 'தொப்' என்னும்.

குழாயையும் அப்படித்தான் தட்டுவார். பற்றவைக்கும் முன்னால் ஒரு குச்சியால் அடுப்பு முனையிலிருந்து புகைபோக்கி வரை தட்டிக்கொண்டே போவார். சுத்தமான இடத்தில் சத்தம் ஓடும், கரி அடைத்த இடத்தில் செத்துப்போகும். அந்த இடத்து மூட்டைக் கழற்றி, சாக்கைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று இழுப்பார்கள். பருவம் முடிந்ததும் சாம்பலை ஒரு பிடி இல்லாமல் அள்ளிவிட வேண்டும். சாம்பல் மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக் காரமாகித் தகரத்தைத் தின்னும். அடுத்த வருஷம் ஊசித் துளைகளாகத் தெரியும்.

அந்த ஊசித் துளைதான் அவரைக் கெடுத்தது. வருஷம் 1962 அல்லது 63. எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. குழாய் நைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சித்திரையிலிருந்தே கணக்கரிடம் சொல்லிவந்தார். "அடுத்த வருசம் பாப்போம், மண்ணைப் பூசி ஓட்டுங்க" என்றார்கள். களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசினார். ஐப்பசியில் ஒரு ராத்திரி, தட்டு நிறையக் காய் இருக்கும்போது, பூச்சு வெடித்துப் புகை உள்ளே இறங்கியது. விடிந்து பார்த்தால் நிறம் கெடவில்லை, ஆனால் காயில் புகை வாசனை. வியாபாரி மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே போட்டுவிட்டான். தாத்தா தூங்கிவிட்டார் என்று எழுதி, அந்தப் பருவத்துக் கூலியில் பிடித்தார்கள். அவர் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் செத்திருப்பார். மூடிய அறையில் விறகுப் புகையின் மணமற்ற வாயு என்ன செய்யும் என்பது தெரிந்தவர் அவர். புகை இறங்கியதும் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டதில் இரண்டு கையும் புண். "மூணு தடவ சொன்னேம்மா. சொன்னது எதுலயும் எழுதல. புடிச்சது மட்டும் எழுதிட்டாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எழுதப்பட்டது எது, எழுதப்படாதது எது என்று நான் கவனிக்கப் பழகியது அந்தப் பேச்சிலிருந்துதான்.

மயிலாடும்பாறையில் 1978-ல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதற்கும் முன்பே பாம்பாடும்பாறையில் ஒன்று உண்டு. சலவைச் சோடாவை நூற்றுக்கு இரண்டு வீதம் கரைத்த தண்ணீரில் காயைப் பத்து நிமிஷம் ஊறவைத்தால் பச்சை நிற்கும் என்பது போன்ற முறைகள் ஏட்டில் ஏறின. விசிறி, ஊதுகருவி, தானாகச் சூடு பார்க்கும் கருவி எல்லாம் வந்துவிட்டன. இப்போது சிறு விவசாயிகள் பலர் சொந்த ஸ்டோர் வைத்துக்கொள்வதில்லை. பச்சைக் காயைக் கொண்டுபோய்க் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உலர்த்தி வாங்கிக்கொள்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கலாம். அந்த விலையில் ஒரு ராத்திரி அடுப்பு தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கருவி எத்தனை வந்தாலும் பல இடங்களில் தீ மட்டும் இன்னும் விறகுத் தீதான், வாய்க்குள் கட்டை தள்ள ஒரு ஆள் வேண்டும்.

போன புரட்டாசியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பக்கத்தில் ஒரு பழைய ஸ்டோர் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தட்டுகள் காலியாக இருந்தன, சாயங்காலம்தான் காய் வரும் என்றார்கள். அடுப்படியில் இருந்தது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். இந்தக் காலத்தில் ஏலமலையில் பாதி வேலை அவர்கள் கையில்தான். தமிழர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்துத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பிவிட்டார்கள், நானே அதற்குச் சாட்சி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவனோ, "தமிழ் தெரியும் சார்" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். முன்னால் இங்கே இருந்த ஒரு பெரியவர் என்றான்.

பேசிக்கொண்டே ஒரு குச்சியை எடுத்தான். அடுப்பு முனையிலிருந்து குழாயைத் தட்டிக்கொண்டே உள்ளே போனான். நானும் பின்னால் போனேன். மூன்றாவது மூட்டுக்கு அப்பால் சத்தம் செத்தது. "கீல் இருக்கு" என்றான். சாக்கும் கயிறும் மூலையில் கிடந்தன. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.